குட்டைத் தண்ணீரில் கரைந்த முனைவர் பட்டம்

குஜிலியம்பாறையில் அன்றைக்குச் சந்தை. பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே விதையும் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை ஒன்று. அதன் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். நடுவில் நான். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் காலியான களைக்கொல்லி பாட்டில். குடைக்காம்பால் பாட்டிலைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"இது போலி மருந்து. நான் கெமிஸ்ட்ரி புரொபசர். ஊரை ஏமாத்துற மாதிரி என்னை ஏமாத்த முடியாது."

மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பெயர் ராசாத்தி. வேளாண்மையில் டிப்ளமோ படித்துவிட்டு, வெளியூர் வேலை வேண்டாம் என்று சொந்த ஊரிலேயே கடை போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. பாட்டிலை வாங்கி லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன தண்ணியில கலந்தீக, சார்?"

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. தண்ணீரைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் என்னிடமே கேள்வியா? முப்பது வருடம் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான், அதெல்லாம் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஏன் விரித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

இறங்கும்போது பார்த்தேன். அதே மருந்தை வாங்கிப் பையில் வைத்திருந்த இரண்டு பேர், சத்தமில்லாமல் பாட்டில்களை எடுத்து மேசைமேல் திரும்ப வைத்தார்கள். அதை அன்றைக்கு என் வெற்றியாக எண்ணிக்கொண்டேன்.

களிமண் டாக்டர்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் சொந்தக்காரர்கள் என்னை 'களிமண் டாக்டர்' என்பார்கள். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், களிமண்ணும் கரிமச் சேர்மங்களும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்பது. பட்டம் வாங்கி வந்த அன்றைக்கு என் சித்தப்பா, "ஊர்ல எல்லாரும் மண்டையில இருக்கிற களிமண்ண எறக்கத்தான் படிப்பாக. நீ ஏத்திக்கிட்டு வந்திருக்க" என்றார்.

செம்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் காட்டில் மண் எடுத்துச் சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றுவேன். மூட்டையில் என்ன என்று நடத்துநர் கேட்பார். மண் என்பேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாக்கைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுப் போவார். லக்கேஜ் டிக்கெட் கிழித்ததே கிடையாது. மண்ணை மூட்டை கட்டி ஏற்றிப் போகிற ஒருத்தனை மேலும் நோகடிக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

சின்னாளபட்டியில் சேலைக்குச் சாயம் போடும் பட்டறையிலிருந்து கேனில் சாயத்தண்ணீர் வாங்கி வருவேன். அதில் ஒரு பிடி களிமண்ணைப் போட்டுக் குலுக்கி வைத்தால், மறுநாள் தண்ணீர் தெளிந்திருக்கும். மண் நீலமாகியிருக்கும். இதையே பல வருடம் குலுக்கினேன். வலது தோள்பட்டை வலி அப்போது வந்ததுதான்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு சுலபமான வழி உண்டு. புரோட்டாவைப் பிய்த்தால் ஏடு ஏடாக வரும் அல்லவா, களிமண்ணும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அப்படித்தான். ஏடுகளில் எதிர்மின்சுமை இருக்கும். நேர்மின்சுமை உள்ள சாயம் கிட்டே வந்தால் ஏடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். சால்னாவை ஊற்றி ஊறவிட்ட புரோட்டாவிலிருந்து சால்னாவைத் திரும்ப எடுக்க முடியாது. அதுபோல இதையும் லேசில் பிரிக்க முடியாது.

எல்லாச் சேர்மமும் உள்ளே போய் உட்காருவதில்லை. சில, களிமண்ணின் விளிம்பில் இருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் பிடித்துக்கொண்டு வெளியிலேயே ஒட்டிக்கொள்ளும். சில களைக்கொல்லிகள் அந்த ரகம். மண்ணைத் தொட்டதும் அவற்றின் வேலை முடிந்துவிடும். அதனால்தான் களைக்கு அடித்த நிலத்தில் கொஞ்ச நாளில் விதைக்க முடிகிறது. இதையெல்லாம் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் நாற்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். மூன்றாம் அத்தியாயம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

பட்டில் சிந்திய எண்ணெய்

இவ்வளவு படித்தும் ஊரில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு எண்ணெய்க் கறைதான்.

எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் மாதா சொரூபத்துக்கு உடுத்தும் பட்டில் யாரோ விளக்கெண்ணெயைச் சிந்திவிட்டார்கள். தேர் கிளம்ப ஒரு நாள்தான் இருந்தது. பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்கு ஓடிப்போய், என் மனைவி முகத்துக்குப் பூச வைத்திருந்த முல்தானி மட்டியைக் கொண்டுவந்து கறையின் மேல் கனமாகத் தூவி, ஒரு தாளை வைத்து மூடினேன். அதுவும் களிமண்தானே. மறுநாள் காலையில் தட்டிவிட்டபோது, எண்ணெய் பொடியோடு போயிருந்தது.

பங்குச் சாமியார் பூசை முடிவில் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியும் என்று ஊர் நம்பியது. ஊர் நம்பியதுகூடப் பரவாயில்லை. நானும் நம்பினேன்.

மாப்பிள்ளைக்குச் சொன்ன யோசனை

என் தங்கை பிலோமினாவைக் குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் புருஷன் சின்னப்பனுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். ஐந்தாறு வருடத்துக்கு முன், புரட்டாசி பிறந்ததும் நல்ல மழை ஒன்று பெய்தது. சோளம் விதைக்க வேண்டும். ஆனால் அந்த மழைக்கு முதலில் எழுந்தது கோரையும் அருகும்தான். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. ராசாத்தி கடையில் களைக்கொல்லி வாங்கி அடித்து, அது காய்ந்ததும் உழுது, அடுத்த மழைக்கு விதைத்துவிடலாம் என்பது சின்னப்பனின் திட்டம். அதில் ஒரு குறையும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே விருந்துக்குப் போனதுதான் குறை.

கோழிக்குழம்பு சாப்பிட்ட கையோடு, மருந்தை எந்தத் தண்ணீரில் கலக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். இருக்கவே இருக்கிறது போர் தண்ணீர் என்றார் சின்னப்பன். நான் சிரித்தேன். அந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது மருந்தைப் பிடித்துக்கொண்டு பலத்தைக் குறைத்துவிடும். இதைச் சாப்பாட்டு இலைக்கு முன்னால் கால் மணி நேரம் விளக்கினேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அது என்னுடைய பழைய கோளாறு. பாதி வரைக்கும் எப்போதும் சரியாக இருப்பேன்.

"அப்ப எந்தத் தண்ணியில கலக்கச் சொல்றீக, மச்சான்?" என்றார் சின்னப்பன்.

காட்டோரத்தில் ஒரு குட்டை. பெய்த மழையில் நிரம்பியிருந்தது. மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு இருக்காது என்பதால் அதில்தான் கலக்க வேண்டும் என்றேன். தண்ணீர் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. வண்டல் அப்படியே கரைந்து நின்றது. பிலோமினா அதைப் பார்த்துவிட்டு, இம்புட்டுக் கலங்கலா இருக்கே என்றாள். அதற்கும் என்னிடம் வழி இருந்தது. துண்டை நான்காக மடித்து வடிகட்டச் சொன்னேன்.

இதைப் படிக்கும் என் பழைய மாணவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்ளலாம். களித்துகள் எவ்வளவு சின்னது என்பதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அந்தத் துண்டில் இரண்டு இலையும் ஒரு தவளைக்குஞ்சும் தங்கின. களிமண் முழுவதும் மருந்து டேங்குக்குள் இறங்கியது.

தெளிப்பதற்குக் காளியப்பன் வந்தார். என் வயதுதான் இருக்கும். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு பல வருடமாக அந்த வட்டாரத்துக்கே மருந்து அடிப்பவர். அவரிடமும் போய், குட்டைத் தண்ணீர் மட்டும்தான், வேறு தண்ணீரைத் தொடவே கூடாது என்று மூன்று தரம் சொன்னேன். சரிங்கய்யா என்று மூன்று தரமும் தலையாட்டினார்.

பச்சைப் பசேல்

பத்து நாள் கழித்துச் சின்னப்பன் போனில் கூப்பிட்டார். களை ஒன்றுகூடச் சாகவில்லை, முன்னைவிடச் செழிப்பாக நிற்கிறது என்றார். யார் குற்றம் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன். கடைக்காரி கொடுத்தது போலி.

அந்தச் சூட்டோடு சந்தையன்று பேருந்து ஏறிப் போய்ப் பேசியதுதான் நீங்கள் முதலில் படித்தது. பேசியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பி வந்ததும் வேளாண்மை அலுவலகத்துக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதினேன். பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டேன். கையெழுத்துக்குக் கீழே இன்னொரு தரமும் போட்டேன்.

படித்தவன் புகாருக்கு மதிப்பு உண்டு. நாலைந்து நாளில் அலுவலர் கடைக்குப் போய் மருந்து மாதிரி எடுத்துக்கொண்டு, பரிசோதனை முடிவு வரும்வரை அந்தச் சரக்கை விற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதிகாரி வந்து போன கடை என்றால் ஊரில் அப்புறம் சொல்லவா வேண்டும். அந்த மருந்து மட்டுமில்லை, ராசாத்தி விற்ற விதையைக்கூட ஜனம் சந்தேகமாகப் பார்த்தது. பக்கத்து ஊரான எரியோட்டுக்குப் போய் வாங்க ஆரம்பித்தார்கள். பருவமோ இரண்டு மாதம்தான். அதற்குள் பெயர் போனால் அந்தக் கடையைத் திறந்து வைத்து என்ன பயன் என்று சின்னப்பனே ஒரு நாள் வருத்தப்பட்டார். நான் அவருக்கு நியாயம் எடுத்துச் சொன்னேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டை

வயலைப் போட்டோ எடுத்து அனுப்பினால் நல்லது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்காகவே ஒரு நாள் போனேன். செல்போனைக் குறுக்கே பிடித்து, நெடுக்கே பிடித்து, பச்சைப் பசேலென்று நின்ற கோரையைப் பல கோணங்களில் எடுத்துக்கொண்டே சின்னப்பன் வீட்டுப் பக்கம் வந்தேன்.

அங்கே வீட்டுக்குப் பின்னால், ஒரு பத்துச் சென்ட் இருக்கும், களை சுத்தமாகச் செத்துக் கிடந்தது. கோடு கிழித்த மாதிரி. இந்தப் பக்கம் வைக்கோல் நிறம், அந்தப் பக்கம் பச்சை. குனிந்து ஒரு அருகைப் பிடித்து இழுத்தேன். வேரோடு கையில் வந்தது.

போலி மருந்துக்கு இடம் பார்த்து வேலை செய்யத் தெரியாது. அது எனக்குப் புரிந்த உடனே காளியப்பனைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் வந்து அந்தப் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சின்னப்பனைப் பார்த்தார்.

"சொன்னா ஏசுவீக" என்றார்.

ஏச மாட்டேன், சொல்லுங்கள் என்றேன்.

"கடைசி டேங்குக்கு மட்டும் குட்டைக்குப் போகச் சோம்பலா இருந்துச்சுங்கய்யா. இங்கன குழாய்ல காவேரித் தண்ணி வந்துக்கிட்டு இருந்துச்சு. அதப் புடிச்சுக் கலந்து அடிச்சுட்டேன். நீங்க அம்புட்டுத் தரம் சொல்லியும் கேக்காமப் போயிட்டமேன்னு, அதான் வாயத் தொறக்கல."

அதே பாட்டில். அதே ஆள். அதே காலை. தண்ணீர் ஒன்றுதான் வேறு. மூன்று ஏக்கரில், என் பேச்சை மீறி அடித்த பத்துச் சென்டில் மட்டும்தான் மருந்து வேலை செய்திருக்கிறது.

மாட்டுக்கொட்டகையில், அன்றைக்குக் குட்டைத் தண்ணீரில் கலந்ததில் மிச்சமானதை ஒரு குடிதண்ணீர் பாட்டிலில் மூடி வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் இரண்டு விரற்கடை வண்டல். மருந்து எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லித் தர யாரும் வேண்டியதில்லை. அந்த வண்டலில் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயம் மூடி போட்டு என் கையில் இருந்தது.

கரிசல் மூட்டையைத் தோளில் சுமந்தேனே, தோள்பட்டை தேயக் குலுக்கினேனே, எல்லாம் எதற்கு? அதைவிட, அந்தப் பெண் கேட்ட கேள்விதான் காதிலேயே நின்றது. இரண்டு வருடம் படித்தவர் ஒரே நிமிடத்தில் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். நான் குடையை விரித்துக்கொண்டு போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதை வேறு எந்த வார்த்தையாலும் மெழுக முடியாது.

பிலோமினா காப்பி கொண்டுவந்து வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். மத்தியான நேரத்தில் கடையில் ஆள் இருக்காது, அப்போது போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

"சந்தையில வச்சுப் பேசுனதச் சந்தையில வச்சுத்தான் சொல்லணும்ணே" என்றாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சின்னப்பன் ஆறுதல் சொன்னார். யானை சறுக்கினால் தானே விழும், பக்கத்துக் கடைமேலா போய் விழும் என்றாள் அவள். மறுநாள் முழுக்க என் கையில் களைக்கொத்தியைக் கொடுத்துக் காட்டில் உட்கார வைத்தாள். பத்து அடி நீளத்துக்குக் கோரை எடுத்தேன். அதற்குமேல் என்னைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மறுபடியும் சந்தை

அடுத்த சந்தைக்கு முன்பே அலுவலகத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். மாதிரி ஏற்கெனவே ஆய்வகத்துக்குப் போய்விட்டது, முடிவு வராமல் எதுவும் செய்ய முடியாது என்றார்கள். முடிவு வரத்தான் செய்தது. சரக்கில் குறையில்லை என்று வந்தது. அது வருவதற்குள் சோளம் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அந்தப் பருவத்தில் அந்த மருந்தை ராசாத்தியால் விற்கவே முடியவில்லை. அந்த நஷ்டத்தை என் மன்னிப்பு ஈடு செய்யவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சந்தை அன்று போனேன். இந்தத் தடவை குடையைக் கொண்டுபோகவில்லை. வாசலில் போன தடவையைவிடக் கூட்டம் குறைவு. அது என்னால்தான் என்று தெரிந்தே படியேறினேன். பஸ்ஸில் வரும்போதே அழகாக ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். மண்ணின் மின்சுமையில் தொடங்கி, மனித மனத்தின் குறையில் முடியும் பேச்சு.

ராசாத்தி என்னைப் பார்த்ததும், செய்துகொண்டிருந்த வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நான் "அறிவியல்பூர்வமாகப் பார்த்தால்" என்று ஆரம்பித்தேன்.

"சார், அதெல்லாம் இருக்கட்டும். அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். "என்ன தண்ணியில கலந்தீக?"

விதை வாங்க வந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். தயார் செய்த பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

"குட்டைக் கலங்கல் தண்ணியிலம்மா" என்றேன். "அடிச்சவங்க மேல தப்பு இல்ல. நான்தான் சொன்னேன். மருந்து நல்ல மருந்து. மண்ணுதான் அதைத் தின்னுருச்சு. கடை மேல சொன்னது அம்புட்டும் என் தப்பு."

டீக்கடையில் ஒருவர், நாங்களும் குட்டைத் தண்ணிதானே கலக்குறோம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

ராசாத்தி மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உள்ளே போய், உரமூட்டையோடு வந்த ஒரு கெட்டி அட்டையையும் கறுப்பு மார்க்கர் பேனாவையும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். எழுதிக் கொடுங்கள், வாசலில் மாட்டுகிறேன் என்றார்.

எழுதினேன். நீரில் மிதக்கும் களிமண் துகள்களின் பரப்பில் கரிமச் சேர்மங்கள் ஒட்டிக்கொள்வதால் என்று மூன்று வரி போனது. அவர் படித்துப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் காலியாக இருந்தது. ஒரு வரியில் எழுதச் சொன்னார்.

'கலங்கல் தண்ணீரில் களைக்கொல்லி கலக்காதீர்கள். நான் கலக்கச் சொல்லிக் கெட்டேன்' என்று எழுதி, கீழே சூசைராஜ் என்று கையெழுத்துப் போட்டேன். வெறும் பெயர். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயருக்கு முன்னால் எதையும் போடவில்லை. அந்தப் பணிவைக் கண்டு எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ராசாத்தி அட்டையைக் கையில் எடுத்துத் தூரத்தில் பிடித்துப் படித்தார். பிறகு திரும்ப என் முன்னால் வைத்து, பெயருக்கு முன்னால் இருந்த இடத்தை விரலால் காட்டினார்.

"முனைவர்னு போடுங்க சார். அது இல்லாட்டி, படிக்காதவன் எவனோ செஞ்ச தப்புன்னு நெனச்சுருவாக."

போட்டேன்.